ஒரு மணி நேரம் முந்திய வீடு

அத்தியாயம் 9

"திறக்க மாட்டாங்க சார்ஜென்ட்," என்றான் காலின் டாப், மழைக்குக் காலரைத் தூக்கிவிட்டபடி. "போன வாரம்தான் இவங்க கார் மேல யாரோ ஒரு வாளி சாணியைக் கரைச்சு ஊத்தியிருக்காங்க. நம்ம கையில வாளி இருக்கான்னு ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டிருப்பாங்க."

"அப்ப ரெண்டு கையையும் தூக்கிக் காட்டு," என்றார் ஹெஸ்டர் ப்ரௌஸ்.

காலின் தூக்கிக் காட்டினான். ஹெஸ்டர் மறுபடி மணியை அழுத்தி, விரலை எடுக்காமலே நின்றார். போலீஸில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்று, சந்தை ஊரில் மீன் வறுவல் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறியும் வேலை பார்க்கிற பெண்மணி அவர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. விரல்தான் எதையாவது அழுத்திக்கொண்டிருக்கும். இந்தச் சனிக்கிழமை காலை கெர்ரி வௌல்ஸின் சமையலறையை விட்டு வெளியே வந்ததிலிருந்தே அந்த விரல் சும்மா இல்லை.

காலினுக்கும் அந்தச் சமையலறை கண்ணை விட்டுப் போகவில்லை. அட்டைப்பெட்டிகள் கூரை வரை. ஒரு பெட்டியின் மேல் அவள் மகள் பாப்பி வரைந்து ஒட்டிய வீட்டுப்படம். இந்த வழக்கைக் கொண்டுவந்த கெர்ரி இந்த ப்ரோட்கோம் கிராமத்தில் பிறந்தவள். விடிவதற்குள் எழுந்து, வீடு வீடாய்ப் போய், ஊர்க் கிழவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கஞ்சி கிண்டி வைக்கிற வேலை அவளுக்கு. அவள் குடியிருக்கும் வாடகை வீட்டை உரிமையாளர் விடுமுறைக்காரர்களுக்கு விடப்போகிறார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் வாடகைக்கு வேறு வீடு இல்லை. நகரத்துக்குப் போனால் பாப்பியின் பள்ளிக்கூடமும் போயிற்று, இவளுடைய வேலையும் போயிற்று.

அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை இந்த நாலாம் நம்பர் வீடு. சர்ச் வயலில் வரிசையாய்க் கட்டிய சின்ன வீடுகள் இவை. உள்ளூர்க்காரர் மட்டும்தான் குடியிருக்கலாம், அதுவும் வருடம் முழுக்க, வேறு வீடு இல்லாதவராக இருந்து. அப்படித்தான் சட்டம். கோடையில் நாலாம் நம்பர் காலியானது. கெர்ரி விண்ணப்பித்தாள். வேறு யாருக்கோ போய்விட்டது. யாருக்கு என்று கேட்டால், வீடுகளை நிர்வகிக்கும் டிரஸ்ட் வாயைத் திறக்கவில்லை. 'வயதான உள்ளூர்க்காரர் ஒருவருக்கு. அதற்கு மேல் தனிநபர் விவரம்' என்று முடித்துக்கொண்டது. ஆனால் அந்த வாசலில் வயதானவர் யாரையும் யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் லண்டனிலிருந்து பெரிய கறுப்புக் கார் ஒன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

"இந்த ஊரை ஒரு சுத்து சுத்தினா எல்லா வீட்டுக்கும் பேர்ப்பலகை இருக்கு, பார்த்தீங்களா," என்று வரும் வழியில் சொல்லியிருந்தான் காலின். "பழைய பள்ளிக்கூடம், பழைய தபாலாபீஸ், பழைய கொல்லுப்பட்டறை, பழைய ரொட்டிக்கடை. எல்லாத்துலயும் பூட்டு. பள்ளிக்கூட பஸ்ல மூணே மூணு பிள்ளைங்க. வெள்ளிக்கிழமைக்கப்புறம் ரெண்டு. டிரைவர் பேசாம மோட்டார் சைக்கிள் வாங்கிடலாம்."

வீட்டுத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் காலின். ஈரம் கசிகிற சுவரை 'ஈரம் கசிகிற சுவர்' என்றே விளம்பரத்தில் எழுதியதால் அங்கிருந்து அனுப்பப்பட்டு, ஹெஸ்டரிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். அதனால் அவன் ஜோக் அடித்தாலும் உள்ளே கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கும்.

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. ஒரு பெண் முகம். நாற்பது வயதிருக்கும். காலில் சேறே பார்க்காத சேற்றுக் காலணி.

"சாணி கொண்டு வரலையே?" என்றாள்.

"இல்லம்மா. கேள்விதான் கொண்டு வந்திருக்கோம்," என்றார் ஹெஸ்டர்.

அவள் பெயர் டமாரிஸ் ஃபென்விக். ஐந்தே நிமிடத்தில் சமையலறை மேசைக்கு முன் உட்காரவைத்து, பிஸ்கட் தட்டை நகர்த்தி, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"எங்களை என்னன்னு நினைச்சுட்டாங்க இவங்க? நாங்க வீட்டை வாங்கலை. ஒரு வெப்சைட்டுல வார வாரம் புக் பண்ணி வர்றோம், ஹோட்டல் மாதிரி. கடைக்குப் போனா பேச்சு நின்னு போகுது. பப்புக்குப் போனா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்குறாங்க. என் வீட்டுக்காரர், இந்தக் கிராமத்துல மனுஷங்களை விட ஆடுங்களுக்குத்தான் மரியாதை தெரியுதுன்னார்."

"ஆடுங்க வாடகை குடுக்கிறதில்ல, அதான் அதுங்களுக்கு நிம்மதி," என்றான் காலின்.

"இந்த வீட்டை வாடகைக்கு விடுறது யாரு?" என்றார் ஹெஸ்டர்.

"பார்த்ததே இல்லை. பூத்தொட்டிக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள சாவி. நம்பர் போனுக்கு வந்துடும். வாசப்படியில ஒரு கூடை முட்டை வச்சிருப்பார். அந்த ஒரு விஷயத்துல நல்ல மனுஷன்."

மேசை மேலேயே இருந்தது அந்தக் கூடை. முட்டைகள் வெளிர் நீலம். காலின் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். கோழி இந்த நிறத்தில் முட்டை போடுமென்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் யாரோ பெயின்ட் அடித்து ஏமாற்றுகிறார்கள் என்றே தோன்றும்.

ஹெஸ்டர் முட்டையைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நெற்றியில் பச்சை எண்களில் ஒரு கடிகாரம். பதினொன்று இருபது என்றது. காலினின் கைக்கடிகாரத்தில் பத்து இருபதுதான்.

"இது ஒரு மணி நேரம் முந்தி ஓடுதே," என்றார் ஹெஸ்டர்.

"அதுவா? போன மாசக் கடைசியில குளிர்கால நேரத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்பிச்சே. இதை யாரும் திருப்பலை."

"நீங்க திருப்பியிருக்கலாமே?"

டமாரிஸுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எங்க வீடு இல்லையே," என்றாள்.

வெளியே வந்து வேனில் ஏறியதும் ஹெஸ்டர் ஸ்டியரிங்கை விரலால் அழுத்தத் தொடங்கினார்.

"கேஸ் முடிஞ்சுது," என்றான் காலின். "லண்டன்காரங்க வந்து தங்குறாங்க. போட்டோ எடுத்து டிரஸ்ட்டுக்கு அனுப்புவோம்."

"அனுப்பினா என்ன ஆகும்? 'எங்க சொந்தக்காரங்க விருந்துக்கு வந்தாங்க'ம்பாங்க. அந்தப் பொம்பளை கறந்துக்கிட்டு விடுற மாடு, காலின். எனக்குக் கறக்குற ஆள் வேணும்." வேனைக் கிளப்பினார். "அந்தக் கடிகாரம் ரெண்டு சேதி சொல்லுது. விருந்தாளி எவனும் அடுத்தவன் வீட்டுக் கடிகாரத்துல கைவைக்க மாட்டான், தன் கையில கட்டியிருக்கிறதைப் பார்த்துக்குவான். அது இவங்க. குடியிருக்கிறவன் ரெண்டு நாளைக்கு மேல பொறுக்க மாட்டான், திட்டிக்கிட்டே திருப்பிடுவான். அப்படி ஒருத்தர் அங்க இல்லவே இல்லை. வயசானவரும் இல்லை, உள்ளூர்க்காரரும் இல்லை. அந்த அடுப்புக்குச் சொந்தக்காரங்களே கிடையாது."

"இப்ப எங்க போறோம்?"

"நியாயம் கேட்க. இந்த ஊர்ல நியாயத்துக்குன்னு ஒருத்தர் பலகை மாட்டியிருக்காரே."

பலகையை யாரும் தவறவிட முடியாது. ஊர் எல்லையில் தொடங்கி ராய் குடிங்கின் பண்ணை வாசல் வரை வேலிக்கு வேலி நட்டிருந்தார். 'உள்ளூர் வீடு உள்ளூர்க்காரருக்கே' என்று சிவப்பு எழுத்தில். ஊராட்சித் தலைவர் அவர். சர்ச் வயல் வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற குழுவிலும் இருந்தார். கெர்ரியின் அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். கெர்ரி அவரை ராய் அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். இன்று காலை அவளுடைய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெட்டி கேக் இருந்தது. அது அவர் கொண்டுவந்து கொடுத்த ஆறுதல்.

பண்ணை முற்றத்தில் சேறு. கோழிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. எதிரே பழைய கல் வீடு, மேலே புத்தம் புதிய கற்பலகைக் கூரை, மழையில் பளபளத்தது. பின்பக்கப் புல்தரையில், விடுமுறை விடுதிகளில் வைப்பதுபோல, நாலு பேர் உட்கார்ந்து குளிக்கிற மூடி போட்ட பெரிய வெந்நீர்த் தொட்டி ஒன்று. ராய், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன ஒற்றைத்தள வீட்டிலிருந்து வெளியே வந்தார்.

"கோழிங்க வெந்நீர்லதான் குளிக்குமோ?" என்று காலின் முணுமுணுத்தான்.

"வாங்க, வாங்க," என்றார் ராய். சிவந்த முகம், அகன்ற தோள். "கெர்ரி விஷயமாத்தானே? ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அந்த லண்டன் கும்பலை நினைச்சா ரத்தம் கொதிக்குது. வர்றானுங்க, வாங்குறானுங்க, சனி ஞாயிறு குடிச்சுட்டுப் போறானுங்க. இந்த ஊர்ல பிறந்த புள்ளைக்குப் படுக்க இடமில்லை. எங்கப்பா காலத்துல இப்படி இருந்திருந்தா மண்வெட்டியால துரத்தியிருப்பார்."

"நாலாம் நம்பர் யாருக்குப் போச்சு, ராய்?"

"அது மட்டும் கேட்காதீங்க. குழுவுல பேசினதை வெளியே சொல்லக் கூடாது. கை கட்டிப் போட்டிருக்காங்க எங்களை."

"அம்மா சுகமா? அவங்களைக் குளிப்பாட்ட கெர்ரி வந்துக்கிட்டிருந்தாளாமே. போன குளிர்காலத்தோட நின்னுபோச்சுன்னு சொன்னா."

"ஆமா. இப்ப நானே பார்த்துக்கிறேன். முட்டி வலி, வெளியே வர்றதில்லை."

காலின் வாசற்பக்கம் திரும்பினான். தெருவைப் பார்த்து ஒரு மரப்பெட்டி இருந்தது. 'புது முட்டை, காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதியிருந்தது. அதற்குள் வரிசையாக நீல முட்டை. அவன் வாயைத் திறந்தான். ஹெஸ்டரின் குதிகால் அவன் கால் விரலில் இறங்கியது. வாயை மூடிக்கொண்டான்.

"நல்ல சேதி சொல்லத்தான் வந்தோம்," என்றார் ஹெஸ்டர். "திங்கட்கிழமை காலையில டிரஸ்ட்ல இருந்து மிஸ் லேக்மேன் வர்றாங்க. வீட்டைத் திறந்து காட்டித்தான் ஆகணும். உள்ளே அடுப்புக் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுது. கடிகாரம் திருப்பின நாள்லேருந்து அங்க யாரும் குடியில்லைன்னு அதுவே சொல்லிடும். அது ஒண்ணு போதும்."

"பலே," என்றார் ராய். "கையும் களவுமா பிடிங்க. நானும் வர்றேன்."

வேனில் காலின் ஷூவைக் கழற்றி விரலைத் தேய்த்துக்கொண்டான். "முட்டையைப் பார்த்தீங்கல்ல? அப்புறம் எதுக்கு அவர்கிட்டயே போய்க் கடிகாரத்தைச் சொன்னீங்க?"

"முட்டையை யார் வேணும்னாலும் காசு போட்டு எடுத்திருக்கலாம்னு சொல்லிடுவார். ஆனா கடிகாரத்தை நான் ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். அதை மட்டும் நீ ஞாபகம் வச்சுக்க."

திங்கட்கிழமை காலை மழை விட்டிருந்தது. நாலாம் நம்பர் வாசலில் மிஸ் லேக்மேன் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். எந்த வாக்கியத்தையும் 'விதிப்படி' என்று தொடங்குகிற, ஒல்லியான பெண்மணி. கெர்ரி வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். இரண்டு குளியலுக்கு நடுவே கிடைத்த இடைவெளி அது.

கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. திறந்தவர் ராய் குடிங்.

"உள்ளே வாங்க," என்றார். சனிக்கிழமை பார்த்த கொதிப்பு முகத்தில் இல்லை. கோயிலுக்குப் போகிற கோட்டு போட்டிருந்தார். "இனிமே மறைக்கிறதுல அர்த்தமில்லை. உள்ளே வாங்க."

முன்னறையில், ஜன்னலோர நாற்காலியில், ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளை முடி, நேரான முதுகு. கணப்படுப்புக்கு மேலுள்ள பலகையில் அவருடைய கல்யாணப் படம். தரையில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு.

"ஈனிட் அத்தை," என்றாள் கெர்ரி.

"என் அம்மா ஈனிட் குடிங்," என்றார் ராய், மிஸ் லேக்மேனிடம். "எண்பதை நெருங்குறாங்க. இந்த ஊர்லயே பிறந்து, இந்த ஊர்லயே வாழ்ந்தவங்க. வீட்டைக் குழு இவங்களுக்குத்தான் கொடுத்துச்சு. அந்தப் பேச்சு வந்தப்ப நான் எழுந்து வெளியே போயிட்டேன், விதிப்படி. கெர்ரிக்குப் போக வேண்டிய வீட்டை என் அம்மா எடுத்துக்கிட்டாங்கன்னு ஊர் பேசும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்த லண்டன்காரங்க என் மனைவி வழிச் சொந்தம். எப்பவாவது வருவாங்க. அப்ப அம்மா என்கூட வந்து தங்குவாங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி வேற. பார்த்துப் பேசுங்க."

காலின் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். அடுப்புக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. ஒரு நிமிடம்கூடப் பிசகில்லை.

"விதிப்படி எல்லாம் பொருந்துது," என்றார் மிஸ் லேக்மேன். "மிஸஸ் ப்ரௌஸ், உங்க புகாருக்கு இங்க இடமில்லை."

கெர்ரி தரையில் மண்டியிட்டு, மூதாட்டியின் காலணியில் அவிழ்ந்திருந்த நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலைப் பழக்கம். "வேணாம் விடுங்க ஹெஸ்டர்," என்றாள், தலையைத் தூக்காமலே. "இவங்க வீட்டை நான் பிடுங்க மாட்டேன். யாரோ பணக்காரங்கன்னு நினைச்சுத்தான் உங்ககிட்ட வந்தேன். மன்னிச்சுடுங்க ராய் அங்கிள்."

ராய் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அதைப் பார்த்ததும் காலினுக்குக் காது மடல் சூடேறியது. அவன் பார்வை அந்தக் காலணியிலேயே நின்றது. வெளியே போடுகிற காலணி. வீட்டுச் செருப்பு பக்கத்திலேயே இருக்கிறது, கால் அதில் இல்லை. மூதாட்டி கோட்டைக் கழற்றவில்லை. பொத்தான்கூடக் கழுத்து வரை போட்டபடி. கைப்பை மடியில், அதன் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சார்ஜென்ட்," என்றான் மெல்ல. "நான் தரகர் ஆபீஸ்ல இருந்தப்ப எத்தனையோ பேருக்கு வீடு காட்டியிருக்கேன். பார்க்க வந்தவங்கதான் இப்படிப் பையை மடியில வச்சுக்கிட்டு உட்காருவாங்க."

ஹெஸ்டர் முதல் முறையாகச் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"மிஸஸ் குடிங்," என்றார், மூதாட்டியிடம் குனிந்து. "நல்ல குளிர்ல வந்திருக்கோம். ஒரு கப் டீ கிடைக்குமா?"

வீட்டுக்கு வந்தவர் டீ கேட்ட பிறகு இந்த ஊரில் எந்தப் பெண்மணியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார், முட்டி கழன்று போனாலும் சரி. ஈனிட் குடிங் உடனே எழுந்தார்.

"நான் போடுறேன் அம்மா, நீங்க உட்காருங்க," என்று ராய் பாய்ந்து வந்தார்.

"வழியை விடு. வந்தவங்களுக்கு ஆம்பிளை டீ போடுறதாவது," என்றார் மூதாட்டி. ராயைக் கைப்பையால் ஒதுக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

முதல் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே தரை துடைக்கும் துடைப்பம். மூடினார். அடுத்ததைத் திறந்தார். விருந்தினர்களுக்கான வழிகாட்டி அட்டைகள், பக்கத்து மதுக்கடைகளின் விலைப் பட்டியல். அடுத்ததில் ஒயின் கோப்பைகள், பளபளவென்று. அங்கேயே நின்றுவிட்டார்.

"இடதுபக்கம் மேலே, அம்மா," என்றார் ராய்.

"அவங்க வீட்டுல அவங்க தேடட்டும்," என்றார் ஹெஸ்டர்.

"மறதின்னு சொன்னேன்ல. மனுஷத்தனம் இல்லையா உங்களுக்கு?"

"எனக்கு என்னடா மறதி?" மூதாட்டி திரும்பினார். "என் சமையலறையில எது எங்க இருக்குன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். ஊரை ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன்னு காலையில கடலோரத்துலேருந்து கூட்டிட்டு வந்தே. யாரோ வீட்டுக்குள்ள உட்காரவச்சுப் பேசாம இருன்னே. இது யாரு வீடு?"

மிஸ் லேக்மேன் 'விதிப்படி' என்று தொடங்கி, கையிலிருந்த விண்ணப்பத்தைப் பிரித்தார்.

"மிஸஸ் குடிங், இந்த அடுப்புக் கடிகாரத்தை நீங்களா திருப்பினீங்க?" என்றார் ஹெஸ்டர்.

"எந்தக் கடிகாரம்?"

"சனிக்கிழமை இது முந்தி ஓடுச்சு. அதை நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன். இன்னிக்கு சரியா இருக்கு." ஹெஸ்டர் ராயின் பக்கம் திரும்பினார். "நீ குடியிருக்காத வீட்டுக் கடிகாரத்துல கைவச்சே பாரு ராய், அங்கதான் மாட்டினே. விருந்தாளி தொட மாட்டான்."

மூதாட்டி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார். வேலிக்கு அப்பால் சர்ச் கோபுரம் தெரிந்தது. அதை இந்த வயல் பக்கத்திலிருந்து அவர் நாற்பது ஐம்பது வருடம் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"இது நம்ம வயலாச்சே. உங்கப்பா ஆர்தர் ஊருக்குக் கொடுத்த வயல். சின்னஞ்சிறுசுங்க ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னு சாகிறதுக்கு முன்னாடி எழுதிக் கொடுத்தது. இங்க எனக்கு எதுக்குடா வீடு?"

அப்போதுதான் ராய் வெடித்தான். இதற்கு மேல் அந்த ஆளுக்கு மரியாதை விகுதி தேவையில்லை.

"எழுதிக் கொடுத்தார், ஆமா. யாரைக் கேட்டுக் கொடுத்தார்? பக்கத்து வயலை வித்தவன் ஸ்பெயின்ல வீடு வாங்கியிருக்கான். நான் கோழிப்பீ அள்ளிக்கிட்டிருக்கேன். அது எனக்கு வர வேண்டிய வயல். பன்னிரண்டு வீட்டுல ஒண்ணே ஒண்ணைத் திருப்பி எடுத்தேன், அவ்வளவுதான். இந்த ஊர்ல யாரு யோக்கியம்? ஒவ்வொருத்தனும் பலகையைப் பார்த்துக் கைதட்டுறான், அப்பன் செத்த மறுவாரம் வீட்டை லண்டன்காரனுக்கு விக்கிறான்."

"அது நிஜம்," என்றார் ஹெஸ்டர். குரல் உயரவில்லை. விரல் மட்டும் மேசையை அழுத்திக்கொண்டிருந்தது. "அவங்க வித்தது அவங்க வீடு. விக்கிறோம்னு சொல்லிட்டு வித்தாங்க. நீ இந்தப் பொண்ணுக்கு கேக் கொண்டு போய்க் கொடுத்துட்டு அவ கூரையைத் திருடினே. ஊர்க்கோபத்தையெல்லாம் வாடகை கொடுத்தவ கார் மேல ஊத்தவிட்டு, வேலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தே. எனக்கு லண்டன்காரங்க மேல இருக்கிற கோபம் கொஞ்சம்தான் ராய். மிச்சம் பூரா உனக்குத்தான்."

கெர்ரி ராய்க்கு எதிரே வந்து நின்றாள். ராயை அடிப்பாள் என்று காலின் நினைத்தான். அடிக்கக் கூடாதா என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை. ராய் தடவிக்கொடுத்த தலைமுடியைக் கையால் துடைத்துக்கொண்டாள், எதுவோ ஒட்டியிருப்பதுபோல.

"ஆனா இந்த விண்ணப்பத்துல கையெழுத்து மிஸஸ் குடிங்கோடதுதான்," என்றார் மிஸ் லேக்மேன்.

"கையெழுத்தா? கூரைக்காரனுக்குன்னு சொல்லி ஒண்ணு வாங்கினானே, அதுவா?" என்றார் மூதாட்டி.

மிஸ் லேக்மேன் ராயிடம் கையை நீட்டினார். அந்த ஒரு தடவை மட்டும் அவர் விதியைச் சொல்லவில்லை. "சாவி," என்றார். ராய் கொடுத்தான். "மிஸ் வௌல்ஸ், அடுத்த விண்ணப்பம் உங்களோடதுதான். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி சாவி உங்க கையில இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

கெர்ரி தலையாட்டினாள். அழுகையும் சிரிப்பும் இரண்டும் கெட்ட ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. ஈனிட் குடிங் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அழுதது போதும் கண்ணு. உன் வீட்டுல கப் எங்க இருக்குன்னு நீயே கண்டுபிடி. இவங்க டீ கேட்டு எவ்வளவு நேரமாச்சு." பிறகு மகன் பக்கம் திரும்பினார். கோபமில்லை அந்த முகத்தில். அலுப்புதான். "சரி. இவளுக்கு இடம் ஆச்சு. நான் எப்ப வீட்டுக்கு வர்றது? கூரை ஒழுகுது, சரி பண்ற வரைக்கும்னுதானே என்னை அந்தக் கடலோர முதியோர் விடுதியில விட்டே. ஒரு குளிர்காலம் போய் அடுத்தது வந்தாச்சு. இன்னுமா கூரை வேலை முடியலை?"

கெர்ரியின் கையிலிருந்த கெட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. காலினுக்கு மழையில் பளபளத்த புதுக் கற்பலகைகள் கண்ணில் வந்தன, அப்புறம் விடுமுறைக்காரர்களுக்கென்று வைத்த அந்த வெந்நீர்த் தொட்டியும், ராய் வெளியே வந்த பக்கத்துச் சின்ன வீடும்.

"முடிஞ்சுபோச்சு அம்மா," என்றான் காலின். "சனிக்கிழமை பார்த்தேன். நல்லாவே போட்டிருக்காங்க."

மூதாட்டி அவனைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். கைப்பையின் காதை விட்டுவிட்டு, கோட்டின் மேல் பொத்தானை மெதுவாகக் கழற்றினார்.

"அப்ப என் வீட்டுல யாருடா இருக்கா?" என்றார்.

ராய் அடுப்புக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.